பாளையத்தில் புகுந்த பேதி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கட்டுமஸ்தான தேகமும் கட்டுப்பாடான வாழ்வும் உடைய சிப்பாயைக் கொள்ளைநோய் அண்டாது என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 1792 முதல் 1799 வரை தருமபுரியில் தங்கி, காப்டன் ரீடின் கீழ்ப் பாராமகாலின் நிலவரி ஏற்பாட்டை வகுத்தவரும், ஹைதரோடும் திப்புவோடும் நடந்த யுத்தங்களில் உயிர்தப்பியவருமான தாமஸ் மன்றோ, சென்னைக் கவர்னர் பதவியை விட்டுச் சீமைக்குத் திரும்பும் தறுவாயில், 1827 ஜூலை 6ஆம் தேதி பத்திகொண்டாவில் காலரா கண்டு அன்றே மாண்டார் என்பது தருமபுரியார் அறியவேண்டிய செய்தி. அந்த வியாதி பலவான் என்று பார்ப்பதில்லை. அசுத்த நீர் குடித்தவன் எவனோ அவனையே பார்க்கிறது.

நச்சுக்காற்றே காலராவுக்குக் காரணம், ஆகவே பாளையத்தைப் பெயர்த்தால் போதும் என்பது அக்காலத்து ராணுவ வைத்தியர் பலரின் சித்தாந்தம். பிண்டாரிக் கொள்ளைக்கூட்டத்தாரை ஒடுக்க 1817இல் புறப்பட்ட ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் சேனை, புந்தேல்கண்டில் சிப்பாய்களைவிடச் சுமைகூலிகளையே மிகுதியாகப் பலிகொடுத்துவிட்டுப் பேத்வா நதிக்கரைக்கு நகர்ந்ததும் நோய் தணிந்ததால், அந்தச் சித்தாந்தம் நெடுங்காலம் அசைக்கமுடியாததாயிற்று. தண்டு விட்டுச்சென்றது கெட்ட காற்றையன்று, தன் கழிவாலேயே கெட்ட நீரையே என்று கொள்வதுதான், 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் காலராக் கிருமியை இனங்கண்ட பின்பு நமக்குப் பொருத்தமாகிறது. (போகும் வழியிலிருந்த ஊர்களின் கதியை எண்ணியவர் எத்தனை பேரோ!)

தடுப்பு மருந்து பெற்றவனுக்குப் பயமில்லை என்பதும் பாதி உண்மையே; காலராத் தடுப்பு மருந்தின் காப்பு முழுமையானதன்று, காலப்போக்கில் குறைந்தும் போகும்.

எல்லாவற்றினும் அபாயமானது, நோயுள்ள நாட்டுக்குச் செல்லும் சிப்பாய்க்கே ஆபத்து, அவனால் எவருக்கும் இல்லை என்னும் எண்ணம். பூகம்பத்தால் நொறுங்கிய ஹைத்தியில் 2010 அக்டோபரில் மூண்ட காலரா, நேபாளத்திலிருந்து வந்த ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையினர் முகாமின் கழிவு ஆர்ட்டிபோனைட் ஆற்றின் உபநதியில் கலந்ததால் பரவியதென்பது பின்னர் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று; சுமார் பதினாயிரம் பேர் மாண்டனர். தொற்றுடையவர்களில் பெரும்பாலோர்க்கு அறிகுறியே தோன்றாதாகையால், ஆரோக்கியமாகத் தோன்றுவது அத்தாட்சியாகாது. 2011இல் இதை விசாரிக்க ஐக்கிய நாடுகள் அமைத்த நிபுணர் குழு, நோயுள்ள நாடுகளிலிருந்து புறப்படும் படையினருக்கு முன்கூட்டியே பரிசோதனையோ மருந்தோ இரண்டுமோ வேண்டும் என்றும், முகாமின் கழிவை முகாமிலேயே சுத்திகரிக்கவேண்டும் என்றும் சொல்லிற்று. பின்னதையே நான் முதலில் வைப்பேன்.