வாசனையை அடக்கும் மூளை

ஏற்றிய ஊதுவத்தி சிறிது நேரத்தில் மணக்காதது போலாகிவிடுகிறதே, ஏன்? மூக்கின் உச்சியில் சுமார் 400 வகை வாசனை வாங்கிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து கூச்சல் போட்டால் மூளைக்கு ஒன்றும் புரியாது. அதனால் நுகர்ச்சிக் குமிழிலுள்ள அடக்கும் நரம்பணுக்கள் 'காபா' என்ற ரசாயனத்தைச் சுரந்து, 'நீ சும்மா இரு' என்று சில சமிக்ஞைகளை அமுக்கிவிடும். மற்றவை பளிச்சென்று தெரியும். பழகிய வாசனை மங்குவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு, வாங்கிகளும் களைத்துவிடும்.

வம்பு இங்கேதான். கேஸில் எத்தில் மெர்காப்டன் சேர்ப்பதே கசிவு தெரியத்தான். அடுப்படியிலேயே நிற்பவருக்கு அது உறைக்காமல் போகலாம். பீனிசக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம்! வெளியிலிருந்து வந்த பிள்ளை "என்னம்மா நாறுது?" என்றால், "எனக்கொண்ணும் தெரியலையே" என்று தள்ளிவிடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறங்கள். மின் சுவிட்சைத் தொடாதீர்கள்.