கம்பி கழற்றிய பின் பல் வெண்மை

எங்கள் வீதியில் பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பல் கம்பியைக் கழற்றினார்கள். வரிசை அழகாக அமைந்திருந்தது. ஆனால் கம்பி ஒட்டியிருந்த இடங்களில் வெள்ளைத் திட்டுகள். எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்து நான்கு நாள் தேய்த்தாள். பல் கூசி, குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியாமல் போயிற்று. அமிலம் எனாமலை அரிக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ரயில்வேயில் துருப்பிடித்த இரும்புக்குப் பெயின்ட் அடிக்குமுன் துருவின் காரணத்தைப் பார்ப்போம். பல்லுக்கும் அதுவே முறை. நிற மாற்றத்துக்குக் காரணங்கள் நான்கு.

1. மேல்கறை: காபி, தேநீர், மிச்சமிருக்கும் ஒட்டுப்பசை. பல் மருத்துவர் சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் போதும்.

2. வெள்ளைத் திட்டு: கம்பியைச் சுற்றித் தங்கிய உணவில் கிருமிகள் உண்டாக்கிய அமிலம், எனாமலின் தாதுச் சத்தைக் கரைத்த அடையாளம் இது. உமிழ்நீரும் ஃப்ளோரைடு பற்பசையும் சில மாதங்களில் ஓரளவு சரிசெய்யும். அவசரப்பட்டு ப்ளீச் செய்தால் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும். மறையாத திட்டுக்குள் பிசின் ஊறவைக்கும் சிகிச்சை உண்டு.

3. பல்லின் இயல்பான மஞ்சள்: இதற்குத்தான் ப்ளீச். பல் அச்சுக்கேற்ற தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு வைத்து, மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் இரவில் அணிவது ஒரு வழி. கிளினிக்கிலேயே செய்வது மற்றொன்று. சில நாள் கூச்சம் இருக்கலாம். அடைத்த பல்லும் செயற்கை உறையும் நிறம் மாறா. சிறு வயதினருக்கு மருத்துவர் சம்மதமின்றிச் செய்யக்கூடாது.

4. பழுப்புக் கறை: குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்தால் வருவது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. லேசானதை மேல்பூச்சாக உரசி நீக்கலாம். ஆழமானதற்கு உறை தேவைப்படும்.

நான்காவது காரணம் நம் பக்கத்துக்கு முக்கியமானது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1937-ல். இடம், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டம். அது நம் கங்காதர நெல்லூர் அல்ல. ஆனாலும் இங்கும் போர்வெல் தண்ணீர் குடிக்கும் குடும்பங்கள் அதைப் பரிசோதிப்பது நல்லது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது. கொதிக்க வைத்தால் அது குறையாது; தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

அப்படியானால் ஃப்ளோரைடு பற்பசை ஏன் என்று கேட்கலாம். பற்பசையைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரை விழுங்குகிறோம். சிறு குழந்தைக்குப் பட்டாணி அளவுப் பசை போதும்.

பற்கள் உருவாகும் காலம், சுமார் எட்டு வயது வரையில்தான் இந்தக் கறை பிடிக்கிறது. பெரியவளின் பல்லுக்குச் சிகிச்சை தேடும் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அவர்களுக்காக முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிறகு வெண்மையைப் பார்க்கலாம்.