டிசைனர் இல்லாமல் டிசைன்: கடை திறக்கும் மருமகனுக்கு

மதுரை

அன்புள்ள மருமகனுக்கு,

ஒரு சிறு கடைக்கு வேண்டிய டிசைன் வேலை நான்கு வகைப்படும்: பெயர்ப்பலகை, நோட்டீஸும் பேனரும், பாக்கெட் லேபிள், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் படங்கள். மதுரையில் ஒரு காலத்தில் இவற்றைப் பலகை எழுதும் ஆர்டிஸ்டுகள் தூரிகையால் எழுதினார்கள். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்ததும் வேலை டிடிபி சென்டருக்குப் போனது. கடைக்காரர் டிசைனர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, "இதைக் கொஞ்சம் பெருசாக்குங்க, அதைச் சிவப்பாக்குங்க" என்று சொல்லிச் சொல்லி வாங்கி வந்தார். 2022-இல் மிட்ஜர்னி, டால்-ஈ 2 என்ற ஏஐ படக் கருவிகளும், 2023-இல் அடோபி ஃபயர்ஃபிளையும் கேன்வாவின் மேஜிக் ஸ்டுடியோவும், 2025-இல் சாட்ஜிபிடியிலும் ஜெமினியிலும் புதிய படக் கருவிகளும் வந்தபின், அதே கடைக்காரரால் கைபேசியிலேயே அரை மணி நேரத்தில் ஒரு டிசைனை எடுத்துவிட முடிகிறது.

டிசைனர் செய்துவந்தவை மூன்று வேலைகள்: வரைவது, அடுக்குவது, சரிபார்ப்பது. ஏஐ கருவி முதலாவதை நன்றாகச் செய்யும். இரண்டாவதை ஓரளவு செய்யும். மூன்றாவது முழுக்க முழுக்கக் கடைக்காரர் தலையில் வந்து விழும். ஆகவே இந்தக் கருவிகளைக் கையாள ஒரே விதி போதும்: அழகுக்காக இருப்பதைக் கருவியிடம் விடலாம், உண்மையாக இருக்க வேண்டியதை விடக்கூடாது. பின்னணி, நிறம், பூ வேலை, ஓரக்கரை எல்லாம் அழகு. பெயர், விலை, தேதி, முகம், பொருளின் தோற்றம், சட்டம் கேட்கும் குறிகள் எல்லாம் உண்மை.

கருவியைத் திறப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: இதைப் பார்ப்பவர் யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும். காளவாசல் சிக்னலில் பைக்கில் நிற்பவர் மேலே இருக்கும் பலகையில் நாலு சொல்லுக்கு மேல் படிக்க மாட்டார். மாட்டுத்தாவணியில் கையில் வாங்கும் நோட்டீஸை ஒருவர் பஸ் கிளம்பும்வரை படிப்பார். இரண்டுக்கும் ஒரே டிசைன் பொருந்தாது. பத்தடி தூரத்துக்கு ஓரங்குல எழுத்து உயரம் என்பது பலகைத் தொழிலில் உள்ள பொதுக்கணக்கு; நூறடி தள்ளிப் படிக்க வேண்டிய கடைப்பெயருக்குப் பத்தங்குல எழுத்து தேவை. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் இருப்பதால் இந்தக் கணக்கில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்திலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்பட்டிருக்கிறது. இதைக் கருவி தானாகக் கடைப்பிடிக்காது.

அடுத்தது படம். இன்றைய படக் கருவிகளில் பலவும் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விளக்கங்களையும் வைத்துப் பழக்கப்பட்டவை. வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, கேட்ட விளக்கத்துக்கு ஏற்றபடி அதைப் படிப்படியாகத் தெளியவைத்துப் படமாக்குகின்றன. எதை நிறையப் பார்த்திருக்கிறதோ அதைக் கருவி நன்றாக வரையும்; குறைவாகப் பார்த்ததை, அதற்குப் பக்கத்தில் உள்ள வேறொன்றாக மாற்றி வரையும். மதுரைப் பொருட்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. ஜிகர்தண்டா என்று மட்டும் கேட்டால், உயரக் கிளாஸில் ஸ்ட்ரா போட்ட மில்க் ஷேக் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பாலும் நன்னாரி சர்பத்தும் பாதாம் பிசினும் மேலே ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்தப் பழுப்பு நிறம் வராது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைக் கேட்டால், தடித்த இதழும் உருண்டை மொட்டும் இல்லாத ஏதோ ஒரு வெள்ளைப் பூ வரும். 2005-இல் அதே குறியீடு பெற்ற சுங்குடிச் சேலையைக் கேட்டால், முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதால் விழும் சின்னப் புள்ளிகளுக்குப் பதில் அச்சடித்த வட்டங்களோ வடநாட்டு பாந்தினியோ வரும். சித்திரைத் திருவிழா வாழ்த்துக்கு அழகரைக் கேட்டால், சீர்பாதம் தாங்கிகள் சுமக்கும் தங்கக் குதிரை வாகனம் இருக்க வேண்டிய இடத்தில் உயிருள்ள வெள்ளைக் குதிரை ஆற்றில் பாயும். மதுரைக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தபின் கடைக்காரரின் மற்ற சொல்லையும் நம்பத் தயங்குவார்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, பெயரைச் சொல்வதோடு நிற்காமல் தோற்றத்தைச் சொல்வது: கிளாஸின் உயரம், நிறம், மேலே மிதப்பது, பின்னால் இருக்கும் மரப்பலகை, வெளிச்சம் வரும் பக்கம் என்று ஒவ்வொன்றாக. தமிழில் எழுதினாலும் புதிய கருவிகள் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. இரண்டாவது வழி இன்னும் நல்லது. கடையில் விற்கும் பொருளையே காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னல் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, பின்னணியை நீக்கவும் வெளிச்சத்தைச் சீராக்கவும் மட்டும் ஏஐ-யைப் பயன்படுத்துவது. இதில் பொருள் உண்மை, சுற்றியுள்ளது அழகு. சட்டப்படியும் இதுவே பாதுகாப்பு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளும் பொருளைத் தவறாகக் காட்டும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. படம் கருவி போட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

முகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பழைய மங்கிய போட்டோவைக் கொடுத்துத் தெளிவாக்கச் சொன்னால், கருவி இல்லாத விவரத்தைத் தானாக இட்டு நிரப்பும். மூக்கு கொஞ்சம் கூராகும், கன்னத்து மச்சம் தூசி என்று துடைக்கப்படும், கண் வேறொருவருடையதாகும். போஸ்டர் பளிச்சென்று இருக்கும். வீட்டார் மட்டும் அது தங்கள் ஆள் இல்லை என்பார்கள். இத்தகைய படத்தில் கறையை நீக்குவதோடு நிறுத்திக்கொள்வதே முறை. நடிகர் முகத்தைக் கருவியில் செய்து கடை விளம்பரத்தில் போடுவது வேறு வகைச் சிக்கல். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் புகழ்பெற்ற ஒருவரின் பெயர், உருவம், பாணி ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுத்திருக்கிறது.

எழுத்துதான் தமிழ் டிசைனில் அதிகம் சறுக்கும் இடம். படக் கருவி எழுத்தைப் பெரும்பாலும் எழுத்தாக அறியாது, ஒரு வடிவமாகவே வரையும். தமிழிலோ கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், புள்ளி தலைமேல் நிற்கும். "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கம் ஓடிவிடும். "மல்லி" புள்ளியை இழந்து "மலலி" ஆகும். ண, ன இடம் மாறும். புதிய கருவிகள் முன்னேறியிருந்தாலும் பத்து வரியில் ஒன்று தவறினாலும் அச்சடித்த ஆயிரம் நோட்டீஸும் வீண். ஆகவே கருவியிடம் எழுத்தே இல்லாத படத்தைக் கேட்க வேண்டும். எழுத்து வரும் இடத்தைக் காலியாக விடச் சொல்ல வேண்டும். பிறகு கேன்வா போன்ற எடிட்டரில் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டும். கூகுள் எழுத்துரு நூலகத்தில் ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை இலவசம். அவற்றின் திறந்த உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. ஒரு டிசைனில் இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்துக்காகச் செய்த டெம்பிளேட்டில் தமிழ்ச் சொல் நீளத்தால் பிதுங்கும். எழுத்தைச் சுருக்காமல் வாக்கியத்தைக் குறைப்பது நல்லது.

பெயர்களும் தேதியும் எழுத்தோடு சேர்ந்தவையே. சாட்ஜிபிடி போன்றவை காதணி விழாப் பத்திரிகைக்கு நல்ல வாசகம் எழுதித் தரும். ஆனால் பெரியவர்கள் பெயர் வரும் வரிசை அதற்குத் தெரியாது. தாய்மாமன் பெயரே இல்லாமலும் பத்திரிகை முடிந்திருக்கும். மதுரைப் பக்கத்தில் அதற்குப் பிறகு அந்த வீட்டு விழா எப்படி நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தமிழ்த் தேதி, கிழமை, முகூர்த்த நேரம் மூன்றையும் பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். பணம் வாங்கும் கியூஆர் குறியையும் கருவி வரையக் கூடாது. அது வரைவது கியூஆர் போலத் தெரியும் கட்டங்கள் மட்டுமே. வங்கியோ செயலியோ தந்த குறியை அப்படியே ஒட்டி, அச்சடித்த மாதிரியை இரண்டு கைபேசிகளில் ஸ்கேன் செய்து, எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்த பிறகே மீதியை அச்சுக்கு விட வேண்டும்.

திரையில் அழகாக இருப்பது அச்சில் அப்படியே வருவதில்லை. நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, லேபிள் ஆகியவற்றுக்கு ஓரங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 1024 பிக்சல் அகலமுள்ள ஏஐ படம் அந்தக் கணக்கில் மூன்றரை அங்குலம்கூட எட்டாது; ஏ4 நோட்டீஸுக்கு 2480-க்கு 3508 பிக்சல் தேவை. ஃபிளெக்ஸைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் 72 புள்ளி போதும். ஆனாலும் பத்தடி அகலத்துக்கு 8640 பிக்சல் ஆகிறது. அதே 1024 பிக்சல் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு எட்டுப் புள்ளிதான் மிஞ்சும். பெரிய பேனருக்குப் பின்னணியை ஒரே நிறமாக வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, படத்தை ஒரு மூலையில் சிறிதாக வைப்பது இதற்கு எளிய தீர்வு. திரை காட்டும் பளீர்ப் பச்சையும் நீலமும் நான்கு வண்ண மையில் மங்கும் என்பதால் அச்சகத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். வெட்டும் ஓரத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். கோப்பைப் பிடிஎஃப்-ஆகக் கொடுத்து, எழுத்தை வடிவமாக, அதாவது கர்வ்ஸ் ஆக, மாற்றச் சொல்ல வேண்டும். பழைய மென்பொருளும் பாமினி போன்ற பழைய எழுத்துருவும் உள்ள அச்சகத்தில் யூனிகோடு தமிழ் உடைந்து போவது வழக்கமான விபத்து.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறுக்கு, பொடி, ஊறுகாய்க்கு லேபிள் ஒரு சட்ட ஆவணமும்கூட. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்லத் தொடர்பு விவரம் ஆகியவை வேண்டும். 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிமுறைகள் சேர்மானப் பட்டியலையும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் கேட்கின்றன. சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். கருவி இந்தக் குறிகளை அலங்காரம் என்று நினைத்து வடிவத்தையும் நிறத்தையும் மாற்றிவிடும். உரிம எண் கேட்டால் ஏதாவது 14 இலக்கத்தைப் போட்டும் தரும். இவை அனைத்தையும் கையால் சேர்க்க வேண்டும்.

லோகோவில் நீண்டகாலக் கணக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரையே ஆசிரியராகச் சொல்கிறது. ஆனால் மனிதக் கை படாத ஏஐ படத்துக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை மறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் பதிப்புரிமையை நம்பி இருக்காமல் வணிகக் குறியாகப் பதிவு செய்வது உறுதியான வழி. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். தனிநபரும் சிறு தொழிலும் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகைக்கு 4,500 ரூபாய். விண்ணப்பிக்கும் முன் அரசின் வணிகக் குறித் தேடலில் அதே சாயல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் கருவி பலருக்கும் ஒரே மாதிரி மல்லிப்பூவைத் தந்திருக்கக்கூடும். லோகோ மட்டும் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பாக இருக்க வேண்டும். ஏஐ தந்த மாதிரியைக் காட்டி ஒரு டிசைனரிடம் அதைக் கோடுகோடாக வரைந்து வாங்குவது செலவழிக்கத் தகுந்த இடம். பெயர்ப்பலகையும் பாக்கெட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. அவற்றுக்கு ஆளைத் தேடலாம். நாளைக்கு மறையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ஆடித் தள்ளுபடி நோட்டீஸுக்கும் கருவி போதும்.

கடைசி வேலை புரூஃப். டிசைனை முதலில் தாளில் எடுத்து, அதைச் செய்யாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்ணைப் பார்த்து ஒரு முறை அழைத்தே பார்க்க வேண்டும். விலை, தேதி, பெயர், முகவரி, குறி ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டபின் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பேனர் என்றால் மாநகராட்சி அனுமதி கையில் இல்லாமல் அச்சகத்துக்கே போகக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் விழுந்த ஒரு பேனர் ஓர் இளம்பெண்ணின் உயிரை வாங்கிய பிறகு இதில் சலுகை கேட்க யாருக்கும் வாயில்லை.

அன்புடன்,
மாமா