பக்கத்து டீம்தான் பரம எதிரி!

மூன்றாமாண்டு, சிவில் டிப்ளமா



தூரத்து டீமிடம் தோற்றால் அன்று ராத்திரி சோறு இறங்கும். பக்கத்து டீமிடம் தோற்றால் இறங்காது. கால்பந்து பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தூரத்து டீம் ஆட்டம் முடிந்ததும் வேன் ஏறிப் போய்விடும். பக்கத்து டீம்காரன் மறுநாள் காலை அதே டீக்கடையில் நிற்பான், அதே லோக்கல் டிரெயினில் ஏறுவான், நம்மைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் தாங்காது!

இந்தப் போட்டி எப்படி உண்டாகிறது, எங்கே கெடுகிறது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். காரணம் சொந்தக் காரணம்தான். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் எங்கள் பகுதி. ஒரு பக்கம் பழைய ஊர். இன்னொரு பக்கம் பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கிக் குடியேறிய நகர். ஊருக்கு ஒரு டீம், நகருக்கு ஒரு டீம். போன பொங்கல் ஃபைனலில் ஒரு பெனால்டி தகராறு கல்வீச்சில் முடிந்தது. மூன்று பேருக்குத் தையல் போட்டார்கள். வருகிற பொங்கலுக்கு ஆட்டமே கிடையாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். அது சரியான முடிவுதானா? இதற்குப் பதில் தேடித்தான் கொல்கத்தா வரைக்கும் போனேன் (புத்தகத்தில்தான்!).

வந்தவர்களின் கிளப்

மோகன் பகான் கிளப் 1889-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தது. ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த 11 பேரில் பலர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

1920-ல் ஜோராபகான் என்ற அணி மோகன் பகானோடு ஆடும்போது சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அந்தக் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தொடங்கினார். 1925 மே 28-ல் கல்கத்தா லீக்கில் இரண்டு கிளப்பும் மோதின. 1-0 என்று ஜெயித்தது புது டீம்.

அதுவரைக்கும் அது சாதாரணப் போட்டிதான். 1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கான பேர் வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, ஓரங்களில் குடிசை போட்டார்கள். அவர்களிடம் மிச்சம் இருந்தது ஊரின் பெயர்தான். அந்தப் பெயர் ஒரு கால்பந்துக் கிளப்பில் இருந்தது! கிளப் ஜெயித்தால் தாங்களும் இந்த நகரத்தில் ஓர் ஆள் என்று அவர்களுக்குத் தோன்றியது.

கிழக்கிலிருந்து வந்தவருக்குப் 'பாங்கால்' என்று பெயர், மேற்கில் இருந்தவருக்குக் 'கோட்டி'. (திருநெல்வேலி நண்பர்கள் சிரிக்க வேண்டாம். வங்காளத்தில் அதற்குச் செம்பு என்றுதான் பொருள்.) ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், அதாவது நம்ம பக்கத்து உல்லம். மோகன் பகான் ஜெயித்தால் இறால். இரண்டு கிளப்பின் மைதானமும் ஒரே மைதானப் பரப்பில், நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் திண்டிவனம் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். நகருக்கு வந்து பல வருஷம் ஆகியும் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிடுவார். நகர் டீம் ஆரம்பித்து அவர் கோல்போஸ்டுக்கு பைப் வெல்டிங் பிடித்துக் கொடுத்த பிறகுதான் தெருவில் நாலு பேர் 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்ப் பசங்க எங்களை 'வந்தவனுங்க' என்பார்கள். நாங்க அவங்களை என்ன சொல்வோம் என்பதை ஆண்டு மலரில் எழுத முடியாது!

சென்னையில் ஏன் அப்படி ஒரு ஜோடி பெரிதாக வளரவில்லை என்று கேட்கலாம். நம் லீக்கில் பேர் வாங்கியவை ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற ஆபீஸ் டீம்கள். நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். தெரு டீம் அவனை இழக்கும், குடும்பம் ஒரு சம்பளத்தைப் பெறும். இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் கொல்கத்தா ஆட்டத்தில் நம்ம ஆளுக்கும் பங்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 12, டூராண்டு கோப்பை. அதற்கு முன் தொடர்ந்து எட்டு முறை மோகன் பகானிடம் தோற்றிருந்தது ஈஸ்ட் பெங்கால். அன்று 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர், சென்னைக்காரர்! மூன்று வாரம் கழித்து அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 1-0 என்று திருப்பிக் கொடுத்தது என்பது வேறு கதை.

கூட்டமா, கதவா?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன். இரண்டாம் பாதியில் மோகன் பகானின் பிதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோதிக்கொண்டார்கள். இருவரையும் ரெஃப்ரி வெளியேற்றினார். இரண்டு கட்சி ரசிகர்களும் கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அடிதடி, நெரிசல். 16 பேர் இறந்தார்கள். அது கிரிக்கெட்டுக்குக் கட்டிய மைதானம். இன்றும் கொல்கத்தாவில் அந்தத் தேதியில் அவர்கள் நினைவாக ரத்ததானம் செய்கிறார்கள்.

17 வருஷம் கழித்து, 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, அதே இரண்டு கிளப், ஆனால் 1984-ல் திறந்த சால்ட் லேக் மைதானம். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் 'டைமண்ட்' வியூகம் பற்றி ஊரெல்லாம் வாய்ச்சண்டை. வந்த கூட்டம் 1,31,781 பேர்! பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1. கூட்டமும் பெரிது, கோபமும் குறைவில்லை. 1980 திரும்ப நடக்கவில்லை.

அப்படியானால் எதிரி ரசிகனை உள்ளேயே விடாவிட்டால் போதுமா? இந்தோனேசியாவில் அதைத்தான் செய்தார்கள். 2022 அக்டோபர் 1, மலாங் பகுதி. அரேமாவும் சுரபயாவின் பெர்செபயாவும் கிழக்கு ஜாவாவின் பரம எதிரிகள். பெர்செபயா ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அரேமா சொந்த மண்ணில் 3-2 என்று தோற்றது. ரசிகர்கள் களத்துக்குள் இறங்கினார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, கூட்டம் வாசலுக்கு ஓடியது. வாசல்கள் குறுகல், சில மூடியிருந்தன. 135 பேர் இறந்தார்கள். அந்த மைதானத்தில் எதிரணி ரசிகர் கூட்டமே கிடையாது!

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆளைக் கொல்வது பகை அல்ல, வழிதான் என்று எனக்குப் படுகிறது. கல் எறிகிறவனை நான் நியாயப்படுத்தவில்லை. 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக்கில் ஒரு சிவப்பு அட்டைக்குப் பிறகு கேலரியிலிருந்து வந்த கல், மோகன் பகானின் ரஹீம் நபி முகத்தில் பட்டது. அந்த அணி இரண்டாம் பாதிக்கு இறங்கவே இல்லை. கல்லுக்குத் தண்டனை வேண்டும்தான். ஆனால் ஒரு கல் மூன்று பேருக்குத் தையலோடு நிற்குமா, நெரிசலில் உயிரை எடுக்குமா என்பதைத் தீர்மானிப்பது வாசலின் அகலம். அது நம்ம டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்!

எங்கள் மைதானத்துக்கு ஒரே கேட். சர்வே பிராக்டிகலில் டேப் பிடிக்கக் கற்றுக்கொண்டதற்குப் பலனாக அளந்து பார்த்தேன். 4 அடி, அதாவது 1.2 மீட்டர். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி நூல் உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்தில் 82 பேர் போகலாம் என்பது அதன் கணக்கு. எங்கள் கேட்டுக்கு 98 பேர். பொங்கல் ஃபைனலுக்கு வருகிறவர்களை 800 என்று வைத்துக்கொண்டாலும் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒழுங்காக நடந்தால். கல் விழுந்தால் எல்லோரும் ஒரே நிமிடத்தில் வெளியே போகப் பார்ப்பார்கள். போன பொங்கலுக்கு அந்த 4 அடியில் ஊரும் நகரும் ஒன்றாக மாட்டிக்கொண்டன. உள்ளே விழுந்த அடியைவிட கேட்டில் விழுந்த அடிதான் அதிகம்.

ஆட்டத்தை நிறுத்தினால் பகை ஆறிவிடும் என்பது பெரியவர்கள் வாதம். இந்தப் பத்து மாதத்தில் நான் பார்த்தது வேறு. முன்பு கடைத்தெருவில் நின்று ஸ்கோர் சொல்லி வம்பு இழுத்த பசங்க இப்போது பேசிக்கொள்வதே இல்லை. 2024 ஆகஸ்ட் 18-ல் கொல்கத்தாவில் இந்த இரண்டு கிளப்பின் டூராண்டு ஆட்டம் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொலையான பெண் மருத்துவருக்கு நியாயம் கேட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆட்டம் இல்லை என்ற பிறகும் ரசிகர்கள் சால்ட் லேக் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு கொடியும் சேர்ந்து நின்றன, முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள், தடியடியும் சேர்ந்தே வாங்கினார்கள். வருஷக்கணக்கில் எதிரும் புதிருமாக நின்று ஒருத்தரை ஒருத்தர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள்.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். பின்பக்கச் சுவரில் 6 அடிக்கு இன்னொரு வழி. ஊர் ரசிகர்களுக்கு முன் கேட், நகர் ரசிகர்களுக்குப் பின் கேட், நடுவில் சவுக்குக் கம்பமும் கயிறும். ஆட்டம் முடிகிற வரை இரண்டு கேட்டும் திறந்தே இருக்கணும், பூட்டுச் சாவி யார் கையிலும் இருக்கக் கூடாது. ரெஃப்ரி மூன்றாவது ஊர்க்காரர். நாலரை மணிக்குள் ஃபைனல் முடியணும், இருட்டில் கல் எறிந்தவனைக் கண்டுபிடிக்க முடியாது. செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி என்று எஸ்டிமேட்டும் பின்னால் இணைத்திருக்கிறேன். கேட் பிரேமை அப்பா வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்கிறார்.

மனுவில் முதல் கையெழுத்து எங்கள் டீம் கேப்டனுடையது. இரண்டாவது, ஊர் டீம் கேப்டனுடையது. போட்டுவிட்டு, "பெனால்டி பெனால்டிதான்டா தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.