பாலாறு பார்க்கப் போகிறவர்களுக்கு

ரைன் நதிக்கு ஆல்ப்ஸ் பனி உருகி நீர் தருகிறது. பாலாறோ மழையை மட்டுமே நம்பிய ஆறு. பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். ‘வறண்ட ஆற்றில் பார்க்க என்ன இருக்கிறது’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் பாலாற்றின் நீர் மணலுக்கு அடியிலும் கரையோரக் குளம், கிணறுகளிலும் இருக்கிறது என்பதை மறந்து கேட்கும் கேள்வி அது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலையும் அதன் பரந்த குளத்தையும் பார்த்துவிட்டு, நடவாவிக் கிணற்றுக்குப் போங்கள். படியிறங்கினால் நிலத்துக்கடியில் தூண் மண்டபம், அதன் நடுவே கிணறு. ஆண்டின் பெரும்பகுதி அந்த மண்டபம் நீரில் மூழ்கியிருக்கும். சித்ரா பௌர்ணமிக்காக நீரை இறைப்பார்கள். அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளி, பின் பாலாற்றுக்குச் செல்வார்.

திருவிழாக் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது என்பது உண்மைதான். முதியவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் மண்டபம் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று ஊராரிடம் கேட்டு, கூட்டம் குறைந்தபின் போகலாம். படிகள் வழுக்கும், கவனம். ஓடும் நீரைத்தான் பார்க்க வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வாருங்கள். 2021 நவம்பரில் இதே ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அதோடு, ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்களின் ஆழம் மேலிருந்து தெரியாது. நீர் இருக்கும்போது ஆற்றில் இறங்காதீர்கள்.