தோள்சீலை

நுழையும்முன்

ஒருவர் உடுத்தும் துணி, அவர் எந்நிலையினர் என்பதை ஊருக்கு அறிவிக்கும் அடையாளமாக இருந்த காலம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் பெண்கள் தோளில் இட்ட ஒரு சீலை, அரை நூற்றாண்டுக் காலம் அரண்மனையையும் ஆலயத்தையும் நீதிமன்றத்தையும் சந்தைவெளியையும் கலங்கச் செய்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில் நிகழ்ந்த வரலாறு அது.

நாள்தோறும் ஒரு தடை

தென் திருவிதாங்கூரின் கல்குளம், இரணியல், விளவங்கோடு வட்டாரங்களில் பனைத்தொழில் செய்து வாழ்ந்த நாடார் குடிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகள் பல. குடை பிடித்தல், செருப்பணிதல், பொன்னகை பூணுதல் ஆகியன கூடா. மாடி வீடு கட்டலாகாது. பசுவைக் கறத்தலும் ஆகாது. பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் ஏந்தி நடக்கக் கூடாது. இடுப்புக்கு மேல் துணியும் அணியக் கூடாது. தண்ணீர் எடுக்கச் செல்லும் ஒருத்தி, குடத்தை எங்கே வைப்பது என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய இயலாத வாழ்க்கை அது.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மேலாடையின்மை அந்நாட்டில் அக்காலத்தில் நாணத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. ஆடவரும் பெண்டிரும் பலர் அவ்வாறே இருந்தனர். மார்பைத் திறந்து நிற்றல், மேலோர்முன் கீழோர் காட்டும் மரியாதை. மேலாடை அணியும் உரிமை பெற்றிருந்த நாயர் மகளிரும் அந்தணர் முன்னிலையிலும் இறைவன் திருமுன்பும் அதனை விலக்க வேண்டியிருந்தது. ஏணியின் ஒவ்வொரு படியில் நின்றவரும் தமக்கு மேலே உள்ளவரை வணங்கினர். கீழ்ப்படியில் நின்றவளுக்கோ எந்நேரமும் வணங்கி நிற்பதே விதியாயிற்று.

மதம் திறந்த வழி

கிறித்தவ சமயத்தைத் தழுவிய நாடார் மகளிர் மேலாடை அணியலாம் என்னும் ஆணை, கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்தபோது 1813இல் பிறந்தது. எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே அது திருத்தப்பட்டது: சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம், நாயர் மகளிரைப்போல் தோளில் சீலை இடலாகாது.

குப்பாயம் என்பது தளர்வாகத் தைத்த சட்டை. மானம் காத்தலே நோக்கமாயின், அத்துடன் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பெண்கள் குப்பாயத்தின் மேல் சீலையையும் இட்டுக்கொண்டு சந்தைக்குச் சென்றனர். 1822ஆம் ஆண்டு முதல் கலகம் மூண்டது. பொது இடங்களில் அவர்களது மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவ மகளிர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் சில ஆண்டுகளில் பகை மீண்டும் மூண்டு, வழிபாட்டிடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின.

இச்சொற்போரில் இரு தரப்பினரும் சமயத்தையே துணைக்கழைத்தனர். சமயம் மாறினும் சாதி மாறாது, முன்னோர் வழக்கை மீறுதல் அறமன்று என்றனர் ஒருசாரார். உடல் மறைத்தல் கிறித்தவ ஒழுக்கத்தின் பகுதி என்றனர் மிஷனரிமார். பின்னவர் வாதம் இரக்கமுடையது, ஆயினும் குறையுடையது. மதம் மாறியவளுக்கு மட்டுமே அது துணி தந்தது. மாறாத அவள் தங்கைக்கு விடை என்ன?

1829 பிப்ரவரியில் வெளிவந்த அரச விளம்பரம் குப்பாயத்தை மட்டும் அனுமதித்து, தோள்சீலையை மீண்டும் தடுத்தது. நடுவே, சாமித்தோப்பில் வைகுண்டர் எழுப்பிய குரல் வேறு திசையிலிருந்து வந்தது. மதம் மாறாமலேயே தலைநிமிரலாம் என்பதை அவர் வழிவந்தோர் தலைப்பாகை அணிந்து வழிபட்டுக் காட்டினர். தோளில் துண்டிடவும் தயங்கி நின்ற ஆடவருக்குத் தலையில் துணி ஏறியது சிறிய செய்தியன்று.

மூடலாம், ஆனால்…

1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பேரறிக்கை வெளியானது. சமயத்தின் பெயரால் எவரும் துன்புறுத்தப்படார் என்ற உறுதிமொழி அதில் இருந்தது. அது பிரித்தானிய ஆட்சிப்பகுதிக்கு உரியது; மன்னராட்சி நடந்த திருவிதாங்கூருக்கு நேரே பொருந்தாது. எனினும் தமக்கும் விடிவு வந்ததென எண்ணிய நாடார் மகளிர் பலர் விரும்பியவாறு உடுத்தனர். எதிர்த்தவர்களோ பழைய தடை இன்னும் உயிரோடிருப்பதாகக் கூறித் தாக்கினர். கிறித்தவர் வீடுகளோடு இந்து நாடார் வீடுகளும் எரிந்தன. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கண்டித்து எழுதினார். திவான் மாதவராவின் அரசு இறுதியில் இணங்கியது.

1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் காலத்தில் வெளிவந்த விளம்பரத்தை நிறுத்திப் படித்தல் நலம். கிறித்தவ நாடார் மகளிரைப் போலக் குப்பாயம் அணியலாம்; எச்சமயத்தவராயினும் முக்குவ மகளிரைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம்; உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது.

அரசின் உள்ளக்கிடக்கை அந்தக் கடைசி விதிவிலக்கில் வெளிப்பட்டுவிட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் மன்றோ காலத்தில் எழுதிய அதே வரம்பு சொல் மாறி நின்றது. மறைப்பதில் அரசுக்குத் தடையில்லை. இருவரையும் ஒருவர்போல் காண்பதில்தான் இருந்தது. மதவேறுபாடு ஆணையிலிருந்து அகன்றது உண்மை; அவ்வளவில் அது வெற்றியே. தெருவில் நடந்த பெண்களோ அந்தக் கடைசி வரியை மெல்ல மெல்லப் பொருட்படுத்தாமல் விட்டனர். வரலாற்று நூல்களில் மன்னர், திவான், ஆளுநர், மிஷனரி ஆகியோர் பெயர்கள் நிறைந்திருக்கின்றன; கிழிந்த சீலையோடு வீடு திரும்பி, மறுநாள் வேறொரு சீலை இட்டுக்கொண்டு புறப்பட்டவர்களின் பெயர்களைத் தேடித்தான் காண வேண்டும்.

விளம்பரம் நாடார் மகளிரைப் பற்றியே பேசியது. அதே நாட்டில் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிந்தே தீரவேண்டும் என்ற வழக்கு மேலும் அரை நூற்றாண்டு நீடித்தது. 1915ஆம் ஆண்டு பெரிநாட்டில் அதனைக் கைவிட்டவர்கள் தாக்கப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் அய்யன்காளி கொல்லத்தில் கூட்டிய பேரவைக்குப் பெண்கள் திரண்டு வந்தனர். அவர் கேட்டுக்கொண்டதும், கழுத்திலிருந்த மாலைகளை அறுத்து மேடையில் எறியத் தொடங்கினர். சிறிது நேரத்தில் அங்கே கற்கள் குவியலாயின.