திரையில் ஏறும் புள்ளியும் தரையில் ஊன்றும் காலும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கும் ஹாஜி அலிக்கும் அலையும் மும்பையின் தாராவி, செம்பூர்க் குடும்பங்களுக்கு யூடியூப் ஒரு புது ஆசையைக் காட்டுகிறது. கேமரா முன் குழந்தை கையை வீசுகிறது, திரையில் பலூன் உடைகிறது, புள்ளி ஏறுகிறது. உடல் அசைவைப் பின்தொடரும் இந்தத் தொழில்நுட்பம் வெறும் வித்தையல்ல, அதற்கு உருப்படியான பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் விளம்பரம் சுட்டும் இடத்தில் இருப்பதில்லை.

நம்பிக்கை: கேமரா விளையாட்டு ஆடினால் கை கால் சரியாகிவிடும்.

கேமரா பார்க்கும்; குணப்படுத்தாது. மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக விற்ற கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை விழும் விதத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, உடலின் 20 மூட்டுகளை நொடிக்கு 30 முறை குறித்தது. ஆய்வகக் கருவியின் வேலையில் ஒரு பங்கை விளையாட்டுச் சாமான் விலைக்குச் செய்ததால், மறுவாழ்வுத் துறையினர் உலகெங்கும் அதை வாங்கிப் பார்த்தார்கள்.

பலன் எங்கே என்றால், எண்ணிக்கையில். பத்து தடவை கையைத் தூக்கச் சொன்னால் சிணுங்கும் பிள்ளை, பலூனுக்காக அதைப்போலப் பல மடங்கு தூக்கும். யாரோ பிடித்து அசைத்துவிடுவதைவிட, தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்வதில்தான் மூளை கற்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கின் குழு 2013-இலும் 2020-இலும் சிகிச்சை ஆய்வுகளை அலசித் தொகுத்தது. குழந்தைக்குத் தேவையான வேலையையே இலக்காக வைத்துப் பழக்குவதும், வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் அதில் முன்வரிசையில் இருக்கின்றன. டம்ளர் பிடிக்க வேண்டுமானால் டம்ளரைப் பிடித்தே பழக வேண்டும். பலூன் உடைப்பது பலூன் உடைக்கவே கற்றுத்தரும்; அதிலிருந்து டம்ளருக்குக் கொண்டுவருவது பிசியோவும் அம்மாவும் செய்ய வேண்டிய வேலை. விளையாட்டுப் பயிற்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. வழக்கமான தெரபியோடு சேர்த்தால் உடல் சமநிலை போன்றவற்றில் ஓரளவு முன்னேற்றம் என்பதற்கு மேல் அவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று: கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017-இல் நிறுத்திவிட்டது. அதை நம்பி எழுதிய தெரபி மென்பொருள்கள் அநாதையாயின. கடன் வாங்கிக் கருவி வாங்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

நம்பிக்கை: புள்ளி ஏறினால் பிள்ளை தேறுகிறது என்று பொருள்.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. முழங்கையை நீட்ட முடியாத பிள்ளை சும்மா இருக்காது. தோளைத் தூக்கும், இடுப்பிலிருந்து உடம்பையே சாய்க்கும், எப்படியாவது பலூனைத் தொட்டுவிடும். கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டலாம். ஆனால் எந்த வளைந்த வழியைத் தெரபிஸ்ட் மாற்றப் பார்க்கிறாரோ, அதையே விளையாட்டு புள்ளி கொடுத்து ஊக்குவிக்கிறது. நல்ல மென்பொருள் உடம்பின் சாய்வையும் சேர்த்து அளக்கும். சாய்ந்து தொட்டால் புள்ளி தராது. ஆகவே தெரபி மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை புள்ளி?" அல்ல. "முழங்கை போன மாதத்தைவிட எவ்வளவு நீண்டிருக்கிறது, உடம்பு எவ்வளவு சாய்ந்தது, இதைக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள்.

கேமராவும் ஏமாறும். தெரபிஸ்ட் பிள்ளையை இடுப்பில் தாங்கிப் பிடித்தால் இரண்டு உடம்பையும் குழப்பிக்கொள்ளும். வாக்கரின் கம்பியைக் காலென்று எண்ணும். கினெக்ட்டுக்கு ஒருவர் ஆடவே ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். பத்துக்குப் பத்தடி ஒற்றை அறையில், கட்டிலும் ஸ்டவ்வும் தண்ணீர் டிரம்மும் போக, ஆறடிக்கு எங்கே போவது? இப்போது கூகுளின் மீடியாபைப் போன்ற மென்பொருளால் சாதாரண போன் கேமராவே மூட்டுகளைக் கண்டுகொள்கிறது. தனிக் கருவி வேண்டாம் என்றாகிவிட்டது. முழு உடம்பும் படத்துக்குள் விழ இடம் வேண்டும் என்பது மாறவில்லை.

நம்பிக்கை: டாக்டர் கண்ணால் பார்த்தால் போதும், நடை ஆய்வகம் வீண் செலவு.

வழக்கமான தெரபிக்கு அது தேவையில்லை என்பது சரி. ஆனால் அசைவைப் பின்தொடரும் தொழில்நுட்பம் தன் மதிப்பைத் தெளிவாகக் காட்டியிருப்பது அறுவை சிகிச்சைக்கு முன்னால்தான். அங்கே பிள்ளையின் இடுப்பிலும் காலிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, பல கேமராக்களால் படமெடுப்பார்கள். தரையில் பதித்த தட்டு, கால் ஊன்றும் விசையை அளக்கும். நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்குக் குதிகால் தசைநாணை மட்டும் நீட்டிவிடுகிறோம் என்று வையுங்கள். உண்மையான இறுக்கம் முழங்காலுக்குப் பின்னாலோ இடுப்பிலோ இருந்தால், பிள்ளை பிறகு முழங்கால் மடங்கிக் குந்தினாற்போல் நடக்கத் தொடங்கும். அப்புறம் முழங்காலுக்கு ஒரு ஆபரேஷன், இடுப்புக்கு ஒன்று. ஒவ்வொரு பிறந்தநாளும் ஆஸ்பத்திரியிலேயே கழியும் இந்த நிலைக்கு, டொரன்டோவில் பணியாற்றிய எலும்பியல் மருத்துவர் மெர்சர் ராங் 'பிறந்தநாள் நோய்க்குறி' என்றே கசப்பாகப் பெயர் வைத்தார். நடையை அளந்து, தேவையான திருத்தங்களை ஒரே முறையில் செய்யும் வழக்கம் அதற்குப் பதிலாக வந்தது. ஆகவே காலில் கத்தி வைக்கும் பேச்சு எழுந்தால், நடையை அளந்து பார்த்தார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஹாஜி அலியில் 1955 முதல் இயங்கும் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் மத்திய அரசுடையது. இரண்டாவது கருத்துக் கேட்க நல்ல இடம். தாராவியிலிருந்து மாஹிமில் ரயில் ஏறினால் மகாலட்சுமியில் இறங்கிப் போகலாம்.

நம்பிக்கை: "அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான், பொறு தாயி."

ஆச்சிமார் ஆறுதலுக்காகச் சொல்வது. இதனால் இழக்கும் மாதங்கள்தான் விலை மிகுந்தவை. மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், அழாமல் விழித்தபடி மல்லாந்து கிடக்கும் குழந்தையின் உடம்பெங்கும் சிறுசிறு நெளிவசைவுகள் ஓடிக்கொண்டிருக்கும். அவை இல்லாவிட்டால் பெரிய எச்சரிக்கை என்று ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெக்டலின் குழு 1997-இலேயே காட்டியது. இதற்குச் சில நிமிட வீடியோவும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். அந்தக் கண்ணின் வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சி நார்வேயில் நடக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் அழாத குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு.

நம்பிக்கை: நடந்தால்தான் வெற்றி.

மும்பையில் 1972-இல் மிது அலூர் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி (இன்று அதன் பெயர் அடாப்ட்), அவர் மகள் மாலினி சிப் போன்ற பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாததால் பிறந்தது. சக்கர நாற்காலியில் வளர்ந்த மாலினி ஒரே சுண்டுவிரலால் தட்டச்சுச் செய்து படித்தார், 2010-இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அசைவைப் பின்தொடரும் தொழில்நுட்பம் இப்படியான பிள்ளைகளுக்குச் செய்யக்கூடியதை நாம் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி உருவாக்கி இலவசமாகக் கொடுத்த கேமரா மவுஸ் என்ற மென்பொருள், மூக்கு நுனியைப் பின்தொடர்ந்து திரையில் அம்புக்குறியை நகர்த்தும். ஒரே இடத்தில் சற்று நின்றால் அதுவே கிளிக். பேச்சும் கையும் ஒத்துழைக்காத பிள்ளைக்குக் கேமரா உள்ள ஒரு லேப்டாப்பில் எழுத்து வசப்படலாம். தலை தானாகத் துள்ளும் பிள்ளைகளுக்கு மட்டும் இது அடிக்கடி மூக்கைத் தவறவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மறுபடி மறுபடி குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.